என் பெயர் எப்படித் தவறான உள்ளீடாகும்?

பள்ளி விடுமுறைக்கு முன்பு பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஒரு சங்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் முகாம் ஏற்பாடு செய்தது. இயங்கலைப் பதிவுப் பாரத்தைச் செய்து கொடுத்தது நான்தான். பாரம் திறந்த அன்று மாலை என் அத்தை பேரனைப் பதிய உட்கார்ந்தார். அடையாள அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகக் கைப்பேசியில் தட்டினார். தன் பெயர், பேரன் பெயர், இரண்டு ஐசி எண்கள் (அடையாள அட்டை எண்கள்), முகவரி, தொலைபேசி எண், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு என்று எல்லாவற்றையும் நிரப்பக் கால் மணி நேரம் ஆனது. ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினார். பக்கம் ஒரு தடவை வெளுத்துத் திரும்பி வந்தது. மேலே சிவப்பில் ஒரே வரி: ‘தவறான உள்ளீடு.’ கீழே எல்லாக் கட்டங்களும் காலி.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். “என் ஐசியில இருக்கிற பேரைத்தானேய்யா போட்டேன்? அது எப்படித் தப்பாகும்?”

தப்பு அவருடையதே இல்லை. பெயரில் எழுத்தும் இடைவெளியும் மட்டுமே வரலாம் என்று நான் ஒரு விதி எழுதியிருந்தேன். அத்தையின் பெயரில் ‘ஏ/பி’ இருக்கிறது. நம்மில் மிகப் பலருடைய அடையாள அட்டையில் இருக்கும் அதே ‘அனாக் பெரெம்புவான்’, மலாயில் மகள் என்பதன் சுருக்கம். அதிலுள்ள சாய்கோட்டை என் விதி தள்ளிவிட்டது. ஒரு பாரம் ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது முதலில் கேட்க வேண்டியது, பிழை யாருடையது என்பதுதான். நிரப்பியவருடையதா, விதி எழுதியவருடையதா, சர்வருடையதா? இதற்கு நேர்மையாகப் பதில் தெரிந்தால், மீதி வேலையில் பாதி தானாக ஒழுங்காகும். பத்து ஆண்டுக்கு மேல் இதே வேலையில் இருந்தும் அன்றைக்கு அதை நான் கேட்டிருக்கவில்லை.

பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிரவுசர் எல்லாக் கட்டங்களிலும் இருப்பதைப் பொறுக்கி, கட்டத்தின் பெயர், அதில் எழுதியது என்று இணை இணையாக அடுக்கி, சர்வருக்கு ஒரு கோரிக்கையாக அனுப்புகிறது. ஒரு பக்கத்தைக் காட்டு என்று மட்டும் கேட்கும் கோரிக்கைக்கு ‘கெட்’ என்று பெயர். இதை வாங்கிப் பதிந்துகொள் என்று சொல்லும் கோரிக்கை ‘போஸ்ட்’. சர்வர் அதைப் பிரித்து, விதிகளோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் டேட்டாபேஸில் எழுதிவிட்டு ஒரு பதிலை அனுப்புகிறது. பதிலின் தலையில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். சாதாரணமாக நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் பிரவுசர், செயலி, இடையில் நிற்கும் மற்ற இயந்திரங்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் அடுத்து என்ன செய்வதென்று முடிவு செய்கின்றன.

சரிபார்ப்பு மூன்று இடங்களில் நடக்கலாம். பிரவுசரில், சர்வரில், கடைசியாக டேட்டாபேஸில். பிரவுசரிலேயே பார்த்துவிட்டால் போதாதா என்று வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1995 இறுதியில் நெட்ஸ்கேப் நிறுவனம், பிரவுசருக்குள்ளேயே ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டை அறிவித்தபோது அதற்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று இதுதான். அதற்கு முன்பு ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே கோரிக்கை சர்வர் வரை போய் வர வேண்டும், அதுவும் தொலைபேசிக் கம்பி வழியாக. பிறகு 2014இல் அதிகாரபூர்வத் தரமான எச்டிஎம்எல் 5, அதாவது இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் புதிய பதிப்பு, ஒரு வரி நிரல்கூட எழுதாமல் ‘இந்தக் கட்டம் கட்டாயம்’, ‘இது மின்னஞ்சல்’ என்று சொல்லும் வசதியைத் தந்தது. இவ்வளவும் நிரப்புகிறவரின் வசதிக்காக. சர்வரைப் பொறுத்தவரை பிரவுசர் பார்த்த சரிபார்ப்புக்கு மதிப்பே கிடையாது. பிரவுசரைத் தொடாமலே ஒருவர் சர்வருக்குக் கோரிக்கை அனுப்ப முடியும். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவைத்தும் அனுப்பலாம், பக்கத்தின் நிரலை மாற்றியும் அனுப்பலாம். பழைய கைப்பேசியில் நம் நிரல் ஓடாமலே போகலாம். அதனால் பிரவுசரில் எத்தனை தடவை பார்த்தாலும், சர்வரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது அந்த மூன்று இலக்க எண்ணுக்கு வருவோம். பிழை யாருடையது என்று சர்வர் வாய்திறந்து சொல்லும் இடம் இதுதான். 4இல் தொடங்கினால், வந்த கோரிக்கையில் ஏதோ சரியில்லை என்று பொருள். 5இல் தொடங்கினால், கோரிக்கை என்னவோ சரிதான், என்னால்தான் முடியவில்லை என்று சர்வர் ஒப்புக்கொள்கிறது. 400 என்றால் கோரிக்கையைப் பிரிக்கவே முடியவில்லை. 404 நமக்கெல்லாம் தெரிந்தது, ‘பக்கம் காணவில்லை’. 409 என்றால் ஏற்கெனவே இருப்பதோடு மோதுகிறது. 429 என்றால் கொஞ்ச நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள். பாரம் செய்கிறவர்களுக்கு வேண்டிய எண் 422. பிரித்துப் படிக்க முடிந்தது, வடிவம் சரி, ஆனால் உள்ளே சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை என்பது அதன் பொருள். இது 1999இல் வெப்டாவ் என்ற, கோப்புகளைத் தொலைவிலிருந்து திருத்தும் நெறிமுறைக்காக வந்த எண். பாரங்களுக்கு நன்றாகப் பொருந்தியதால் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2022இல் வெளிவந்த ஆர்எஃப்சி 9110 என்ற இணையத் தர ஆவணம், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையின் பொதுவான எண்களில் ஒன்றாகவே அதைச் சேர்த்துக்கொண்டது.

எல்லா மென்பொருளும் இதில் ஒரே மாதிரி நடப்பதில்லை. இணையதளம் கட்ட உதவும் மென்பொருள்களில் லாராவெல், ஜாங்கோ என்ற இரண்டை எடுத்துக்கொள்வோம். லாராவெல், செயலியிலிருந்து வரும் கோரிக்கையில் பிழை இருந்தால் 422 அனுப்பும். பிரவுசரிலிருந்து வந்தால் பிழைகளையும் எழுதியதையும் செஷனில், அதாவது அந்த ஆளுக்கென்று சர்வர் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவில், வைத்துவிட்டு, பாரம் இருந்த பக்கத்துக்கே திருப்பிவிடும். ஜாங்கோவில் வழக்கமான முறையில் எழுதினால், பிழையோடு கூடிய பாரம் 200 என்ற எண்ணோடு திரும்பி வரும். எந்த வழி என்பதில் நான் பிடிவாதமாக இருக்க மாட்டேன். ஆனால் செயலிக்குப் பதில் தரும் சர்வர், தலையில் 200 போட்டு உள்ளே ‘தோல்வி’ என்று எழுதி அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. நடுவில் இருக்கும் எந்த இயந்திரத்துக்கும் அந்தத் தோல்வி தெரியாது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் வீட்டில் மூன்றாவது தடவையாகப் பாரம் நிரப்பிக்கொண்டிருப்பார்.

இதைவிடக் கெட்டது, விதியில் பார்க்காமல் விட்டது டேட்டாபேஸ் வரை போய் முட்டி 500 ஆகத் திரும்புவது. பெயருக்கு 30 எழுத்து போதும் என்று டேட்டாபேஸில் இடம் ஒதுக்கிவிட்டு, விதியில் நீளத்தைப் பார்க்க மறந்துவிட்டால் அதுதான் நடக்கும். அப்பா பெயரும் சேர்ந்த நம் பெயர்கள் 30ஐச் சுலபமாகத் தாண்டும். அவருக்குக் கிடைக்கும் செய்தி ‘சர்வரில் கோளாறு, பிறகு முயலவும்’. பிறகு எத்தனை தடவை முயன்றாலும் அவர் பெயர் குறையப்போவதில்லை.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். மலேசியாவில் பாரம் செய்கிறவர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான், அதிகம் அடிபடுகிறவர்களும் நாம்தான். மகன் என்பதற்கு ‘ஏ/எல்’, மகள் என்பதற்கு ‘ஏ/பி’ பெயரின் நடுவில் வருகின்றன. ஐசியில் இருப்பதுபோல் எழுதுங்கள் என்று பாரம் மேலே கேட்கும், எழுதினால் கீழே மறுக்கும். சரி என்று சாய்கோட்டை எடுத்துவிட்டு ‘ஏ எல்’ என்றோ, சேர்த்து ‘ஏஎல்’ என்றோ எழுதினால், அப்போதைக்குப் போய்விடும். ஆறு மாதம் கழித்து இன்னொரு பதிவேட்டோடு ஒப்பிடும்போது ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். அப்புறம் சத்தியப் பிரமாணம் எழுதிக்கொண்டு யாராவது அலைய வேண்டும். சிலர் ஐசியில் இரண்டு பெயர்கள் ‘@’ குறியோடு இருக்கும், வீட்டுப் பெயரும் பதிவுப் பெயரும். பினாங்கிலும் மலாக்காவிலும் டி’குரூஸ் போன்ற பெயர்களில் மேற்கோள் குறி வரும். இது போதாதென்று, வெளிநாட்டில் எழுதிய மென்பொருளை அப்படியே எடுத்து வைத்தால் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரை அங்கே போட்டால், மின்னஞ்சல் ‘அன்புள்ள திரு’ என்று தொடங்கி அப்பாவையே அழைக்கும்.

நான் இப்போது ஒரே கட்டம்தான் வைக்கிறேன். ‘ஐசியில் உள்ளபடி முழுப்பெயர்.’ விதி இவ்வளவுதான்: காலியாக இருக்கக் கூடாது, நீளம் 200 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு மனிதர் தன் பெயர் இது என்று சொல்லும்போது அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

பாதுகாப்பு என்ன ஆவது என்று கேட்பார்கள். சாய்கோட்டையும் மேற்கோள் குறியையும் தடுக்கும் விதிகள் பெரும்பாலும் பயத்தில் எழுதியவை. மேற்கோள் குறியை வைத்து டேட்டாபேஸ் கட்டளைக்குள் புகுந்துவிடுவார்கள், கோணக் குறியை வைத்துப் பக்கத்துக்குள் நிரலை நுழைத்துவிடுவார்கள் என்ற பயம். ஆபத்து உண்மையானதுதான், ஆனால் அதைத் தடுக்க வேண்டிய இடம் வேறு. டேட்டாபேஸுக்குக் கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியாகக் கொடுத்தால், மதிப்புக்குள் என்ன குறி இருந்தாலும் அது கட்டளையாக மாறாது. பக்கத்தில் காட்டும்போது அந்தக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டினால், உள்ளே வந்த நிரல் ஓடாது. இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் தாமாகவே செய்துவிடுகின்றன. அந்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டால், ஒருவருடைய அப்பாவின் பெயருக்கு முன்னால் வரும் சாய்கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் சாய்கோடு பயப்படாமல் கவனிக்க வேண்டிய குறி. அத்தையின் கேள்விக்குப் பிறகு விதியை அன்றிரவே திருத்தினேன். மறுநாள் காலை வேறு புகார் வந்தது. அனுப்பியதும் ‘பக்கம் காணவில்லை’ என்று வருகிறதாம். பதிவு முடிந்ததும் காட்டும் உறுதிப் பக்கத்தின் இணைய முகவரியில் பெயரையும் சேர்த்து வைத்திருந்தேன். இணைய முகவரியில் சாய்கோடு என்றால் அடுத்த அடுக்கு என்று பொருள், அதனால் பெயரில் வரும் சாய்கோட்டை என் நிரல் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்த வேறு வடிவத்துக்கு மாற்றி முகவரியில் வைத்தது. நான் வைத்திருந்த சர்வர் மென்பொருளான அப்பாச்சியோ, தனியாகச் சொல்லி அனுமதித்தால் ஒழிய, அப்படி மாற்றிய சாய்கோடு உள்ள முகவரியை 404 என்று திருப்பிவிடும். பாதுகாப்புக்காக அதன் இயல்பான அமைப்பே அப்படி. விளைவு? பதிவு ஆகிவிட்டது, ஆனால் ஆகவில்லை என்று திரை சொல்கிறது. மக்கள் மறுபடி நிரப்புகிறார்கள். சாய்கோடு இல்லாத பெயர்க்காரர்களுக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு முகவரியில் பெயருக்குப் பதில் யாரும் ஊகிக்க முடியாத ஒரு பதிவுக் குறியீட்டை வைத்தேன். பெயரை முகவரியில் வைத்ததே தவறு. முகவரிகள் பிரவுசர் வரலாற்றிலும், நடப்பதையெல்லாம் சர்வர் எழுதிவைக்கும் லாகிலும் தங்கிவிடும், பிள்ளையின் பெயர் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து ஐசி எண். 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, ஆண்டு மாதம் நாள் என்ற வரிசையில். அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. இவ்வளவு விவரம் உள்ளே இருப்பதைப் பார்த்ததும் விதி எழுதுகிறவருக்குக் கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான். இடக் குறியீடு 01 முதல் 16 வரைதான் என்று விதி போட்டால், அதே மாநிலங்களுக்கே 21க்கு மேல் வேறு குறியீடுகளும் உண்டு என்பதை மறந்துவிடுவோம். வெளிநாட்டில் பிறந்த நம் குடிமக்களுக்கும் தனிக் குறியீடுகள் இருக்கின்றன.

பெரிய சிக்கல் ஆண்டில். இரண்டு இலக்கம் மட்டுமே இருப்பதால் எந்த நூற்றாண்டு என்று நிரல் ஊகிக்க வேண்டும். பிஎச்பி மொழியில் வழக்கமான ஊகம், 00 முதல் 69 வரை 2000த்தைச் சேர்ந்தது, 70 முதல் 99 வரை 1900த்தைச் சேர்ந்தது. யாரோ எப்போதோ போட்ட கோடு அது. அத்தை பிறந்தது 1958இல். அவர் ஐசி 58 என்று தொடங்குகிறது. நிரல் அதை 2058 என்று எடுத்துக்கொண்டது. சாய்கோட்டைத் தாண்டியதும் அவர் சந்தித்த அடுத்த செய்தி: ‘பிறந்த தேதி எதிர்காலத்தில் இருக்கக் கூடாது.’ வாசித்துவிட்டு அத்தை எதுவும் சொல்லவில்லை, கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். பேரனுடைய 15 சரியாக 2015 ஆனது. ஒரே பாரத்தில் பேரன் உள்ளே, பாட்டி வெளியே. பாரத்தைச் சோதித்தபோது நான் போட்டுப் பார்த்ததெல்லாம் என் ஐசியும் நண்பர்கள் ஐசியும்தான். எல்லாரும் 80க்குப் பிறகு பிறந்தவர்கள். இப்போது, அந்த இரண்டு இலக்கம் நடப்பு ஆண்டைவிட அதிகமாக இருந்தால் 1900 என்று எடுத்துக்கொண்டு, கண்டுபிடித்த தேதியைத் திரையில் காட்டி, சரிதானா என்று கேட்கிறேன். நூறு வயது தாண்டியவர் வந்தால் அவரே மாற்றிக்கொள்ளலாம்.

ஐசி எண்ணைச் சிலர் இடையில் கோடு போட்டு எழுதுவார்கள், சிலர் இடைவெளி விடுவார்கள், சிலர் சேர்த்தே எழுதுவார்கள். மூன்றும் ஒரே எண். கோட்டையும் இடைவெளியையும் நீக்குவது நிரலுக்கு ஒரு வரி வேலை. அதை மனிதர் தலையில் கட்டி, ‘கோடு இல்லாமல் எழுதவும்’ என்று திருப்பி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. முதலில் சுத்தம் செய், பிறகு சரிபார் என்ற வரிசை எல்லாக் கட்டத்துக்கும் பொருந்தும். தொலைபேசி எண்ணும் அப்படியே. 012இல் தொடங்கினால் மொத்தம் 10 இலக்கம், 011இல் தொடங்கினால் 11. பினாங்கு வீட்டு எண் 04ஓடு சேர்த்து 9, கோலாலம்பூர் வீட்டு எண் 03ஓடு சேர்த்து 10. ‘சரியாக 10 இலக்கம்’ என்று எழுதியவர், தன்னையறியாமல் பினாங்கு வீடுகளையும் 011 வைத்திருப்பவர்களையும் விலக்கிவிட்டார். அஞ்சல் குறியீட்டை எண்ணாக வைத்தால் முன்னால் வரும் பூஜ்யம் போய்விடும். சுங்கை பட்டாணியின் 08000, 8000 ஆகி, ஐந்து இலக்கம் இல்லை என்று மறுக்கப்படும். கணக்குப் போடாத எண்களை எழுத்தாகவே வைப்பது நல்லது.

தமிழில் எழுத விட்டால் இன்னொரு கதவு திறக்கிறது. முகாமில் பிள்ளையின் பெயரைத் தமிழிலும் கேட்டோம், சான்றிதழில் அச்சிட. ‘எல்லா மொழி எழுத்துகளும்’ என்று பொருள்படும் விதியைத்தான் போட்டேன், தமிழ்ப் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே மறுக்கப்பட்டன. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் ‘கி’ என்பது ஓர் எழுத்து இல்லை. ககரம் ஒரு குறி, அதோடு சேரும் இகர விலங்கு இன்னொரு குறி. முதலாவது ‘எழுத்து’ வகை, இரண்டாவது ‘சேர்க்கைக் குறி’ வகை. புள்ளியும் அப்படித்தான். எழுத்து வகை மட்டும் போதும் என்றால் ‘ரமண’ போகும், ‘ரமணி’ போகாது. எண்ணிக்கையும் இடிக்கும். ‘கோலாலம்பூர்’ நமக்கு 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் 11 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 33 பைட்டு. ‘அதிகம் 20 எழுத்து’ என்று பாரம் சொல்லும்போது, எந்தக் கணக்கில் என்று அதற்கே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, ‘கொ’வை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஒப்பிட்டால் வேறு. யூனிகோடே இதற்கென்று ஒரு சீராக்கும் முறையை வைத்திருக்கிறது. சேமிப்பதற்கு முன்பு அதை ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும்.

சரி, உண்மையாகவே நிரப்பியவர்தான் தவறியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இலக்கம் விட்டுப்போயிற்று. இப்போது சர்வர் என்ன சொல்ல வேண்டும்? ‘தவறான உள்ளீடு’ என்பதில் எந்தச் செய்தியும் இல்லை. ‘ஐசி எண்ணில் 12 இலக்கம் வேண்டும், நீங்கள் எழுதியதில் 11 இருக்கிறது’ என்றால் ஐசியை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த வரி அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஓரத்தைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது, நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். திரையைக் காதால் கேட்டு நிரப்புகிறவர்களுக்கு, எந்தக் கட்டம், என்ன பிழை என்று அவர்கள் கருவி வாசிக்கும்படி அந்தச் செய்தியைக் கட்டத்தோடு நிரலில் இணைக்க வேண்டும். பிழையை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற அணுகல் தரத்தின் அடிப்படைத் தேவைகளில் ஒன்று. பிழைகள் நாலு இருந்தால் நாலையும் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். ஒன்றைத் திருத்தி அனுப்பினால் அடுத்தது, அதைத் திருத்தினால் அதற்கடுத்தது என்று இழுப்பது, கவுண்டரில் ஒரு பத்திரத்துக்காக வீட்டுக்கு அனுப்பி, வந்ததும் இன்னொன்றைக் கேட்பது மாதிரி.

எல்லாவற்றையும்விட முக்கியம், எழுதியதைத் திருப்பிக் கொடுப்பது. அத்தையின் கால் மணி நேரத்தை என் பாரம் தூக்கி எறிந்தது, அன்றைக்கு எனக்கு அதிகம் வலித்தது அதுதான். கடவுச்சொல்லை மட்டும் திருப்பிக் காட்டக் கூடாது, லாராவெல் தானாகவே அதை விட்டுவிடும். இணைத்த படத்தையும் பிரவுசர் திரும்ப வைக்காது, அதனால் படம் கேட்கும் பாரத்தில் படத்தை முதலில் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பாரத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சமைக்கப் போகிறவர்களும் உண்டு. திரும்பி வந்து அனுப்பும்போது செஷன் முடிந்திருக்கும். கோரிக்கை அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று உறுதி செய்யும் ரகசிய டோக்கன் காலாவதியாகி, லாராவெல் 419 என்று ஒரு பக்கம் காட்டும். தரப்பட்டியலில் இல்லாத, அவர்களே வைத்துக்கொண்ட எண் அது. பாதுகாப்புக்கு அந்தச் சோதனை வேண்டும். அங்கேயும், எழுதியதை வைத்துக்கொண்டு புது டோக்கனோடு பாரத்தைத் திரும்பக் காட்டலாம்.

இன்னொரு நாள் ஒரு தகப்பனார் போன் செய்தார். ஃபெரியில் ஜோர்ஜ்டவுன் போய்க்கொண்டிருந்தபோது பதிந்தாராம். நடுக்கடலில் லைன் விட்டு விட்டு வந்தது. அனுப்பு என்று அழுத்தினார், சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினார். கரை சேர்ந்ததும் இரண்டு உறுதி மின்னஞ்சல்கள். மகளுக்கு முகாமில் இரண்டு இடம். நடந்தது இதுதான்: முதல் கோரிக்கை ஒழுங்காகச் சர்வருக்கு வந்து பதிவும் ஆகிவிட்டது. பதில்தான் வழியில் தொலைந்தது. கைப்பேசியிலிருந்து பார்த்தால், கோரிக்கை தொலைந்ததும் பதில் தொலைந்ததும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவர் மறுபடி அழுத்தியதில் எந்தத் தவறும் இல்லை.

ஒரு தடவை அழுத்தியதும் பொத்தானை முடக்கிவைக்கலாம், ஆனால் பக்கத்தைப் புதுப்பித்தால் அது போயிற்று. பதிவானதும் 303 என்ற எண்ணோடு வேறு பக்கத்துக்கு அனுப்பிவிட்டால், அங்கே புதுப்பித்தாலும் ‘கெட்’ கோரிக்கைதான் போகும், பதிவு திரும்ப நடக்காது. இது பழைய, நல்ல வழக்கம், ஆனால் பதிலே வராத ஃபெரிக்கு உதவாது. அதற்கு, பாரத்தைக் காட்டும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அடையாளக் குறியைக் கொடுத்துவிட வேண்டும். அதே குறியோடு இரண்டாவது கோரிக்கை வந்தால், சர்வர் புதிதாகப் பதியாமல் முதல் பதிவின் உறுதியையே திரும்ப அனுப்பும். பணம் கட்டும் சேவைகள் இப்படித்தான் ஒரே கட்டணத்தை இரண்டு தடவை பிடிக்காமல் பார்த்துக்கொள்கின்றன. அதோடு, ஒரு முகாமுக்கு ஓர் ஐசி எண் ஒரு தடவைதான் என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸிலேயே வைக்க வேண்டும். ‘ஏற்கெனவே இருக்கிறதா?’ என்று நிரல் பார்த்துவிட்டு எழுதுவதற்குள், ஒரே நொடியில் வந்த இன்னொரு கோரிக்கையும் பார்த்திருக்கும். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே தெரியும். அந்தச் சந்தில் காவல் நிற்கக்கூடியது டேட்டாபேஸ் மட்டும்தான். அது மறுக்கும்போது 500 என்று விழாமல், ‘இந்தப் பிள்ளை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். அது கெட்ட செய்தியே கிடையாது.

இதையெல்லாம் திருத்திய பிறகு ஒன்று சேர்த்தேன். எந்தக் கட்டத்தில், எந்த விதியால், எத்தனை தடவை பாரம் திருப்பி அனுப்பப்பட்டது என்று லாகில் எழுதிவைக்கிறேன். எழுதிய மதிப்பை வைப்பதில்லை. பிழையான கோரிக்கையை அப்படியே லாகில் கொட்டினால், ஐசி எண்களும் பிள்ளைகளின் உடல்நல விவரங்களும் யாரும் கவனிக்காத ஒரு கோப்பில் போய்க் கிடக்கும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது என்பது ஒரு காரணம். நம்பிக் கொடுத்தவர்கள் என் அத்தையும் அவர் தோழிகளும் என்பது இன்னொன்று. ஒரே விதி பத்துப் பேரைத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்தப் பத்துப் பேருக்கும் தம் பெயரை எழுதத் தெரியவில்லை என்று நினைக்க மாட்டேன், அந்த விதியைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

அத்தை மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். முகவரியில் அஞ்சல் குறியீட்டை விட்டுவிட்டு அனுப்பினார். பாரம் திரும்பி வந்தது, எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது, அந்த ஒரு கட்டத்தின் கீழ் மட்டும் ‘அஞ்சல் குறியீடு விட்டுப்போயிற்று’ என்று ஒரு வரி. “ஆமா, விட்டுட்டேன்” என்று சொல்லிக்கொண்டே ஐந்து எண்ணையும் தட்டி அனுப்பினார். உறுதிப் பக்கம் வந்தது. மேலே பேரன் பெயர், கீழே பாதுகாவலர் என்ற இடத்தில் அத்தையின் பெயர், ஐசியில் இருப்பதுபோலவே, சாய்கோட்டோடு. அதைப் படம் பிடித்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஐசியைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.